கருவறை முதல் கடைசி மூச்சு வரை 16 வாரம்: அமெரிக்க கம்யூனிட்டி காலேஜின் ஆன்லைன் ‘லைஃப்ஸ்பேன்’ பாடம் எடுக்கலாமா?

அமெரிக்காவில் நர்சிங், ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பீச் தெரபி, ஆசிரியர் பயிற்சி என்று எந்தப் பக்கம் போனாலும் வாசலிலேயே ஒரு பாடம் நிற்கும். லைஃப்ஸ்பேன் டெவலப்மென்ட், லைஃப்ஸ்பேன் சைக்காலஜி, ஹியூமன் டெவலப்மென்ட் என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும், சரக்கு ஒன்றுதான். கரு உருவாகும் நாளிலிருந்து சாவு வரை மனிதரின் உடலும் அறிவும் உறவுகளும் எப்படி மாறுகின்றன என்பதே பாடம். கலிஃபோர்னியாவின் இரண்டாண்டு அரசுக் கல்லூரிகளான கம்யூனிட்டி காலேஜ்கள் இதற்கு சி-ஐடி பி.எஸ்.ஒய். 180 என்ற பொதுக்குறி வைத்திருக்கின்றன. அந்த மாநிலத்தின் ஆன்லைன் வகுப்பைத்தான் இங்கே எடைபோடுகிறோம். எச்-1பி ஊழியரின் துணைவருக்கான எச்-4 விசாவில் வந்து, சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி படிப்பைத் தொடங்கும் தமிழ்ப் பெண்கள் முதலில் கை வைக்கும் பாடங்களில் இதுவும் ஒன்று.

கொடுக்கும் காசுக்கு இது நல்ல பாடம். ஆனால் ‘சும்மா படித்தாலே ஏ கிரேடு’ என்ற பெயரை நம்பி எட்டு வார வகுப்பில் சேர்ந்தால் நான்காவது வாரத்திலேயே மூச்சு முட்டும். மனப்பாடத்தை மட்டும் நம்பினால் முதல் பரீட்சையிலேயே அடி விழும்.

கட்டணம்

கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு 2012 கோடைப் பருவத்திலிருந்து யூனிட்டுக்கு, அதாவது கிரெடிட்டுக்கு, 46 டாலர். மூன்று யூனிட்டுக்கு 138 டாலர், அதோடு உடல்நலக் கட்டணம் போன்ற சில்லறை. மாநிலத்துக்கு வந்து ஓராண்டும் ஒரு நாளும் ஆகாதவர்கள் வெளிமாநிலக் கட்டணம் கட்ட வேண்டும், அது இதைப்போலப் பல மடங்கு. எச்-4 விசாக்காரர்கள் இங்கே வசிப்புரிமை நிரூபிக்க முடியும். வாடகை ஒப்பந்தம், மாநில வரிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் தேதிகள்தான் சான்று. எஃப்-1 மாணவர்களுக்குக் கணக்கு வேறு: முழுநேரப் படிப்புக்கு ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான், அதாவது மூன்று கிரெடிட்தான், கணக்கில் வரும். அந்த ஒற்றை இடத்தை இதற்குச் செலவிடுவதா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

புத்தகச் செலவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில ஆசிரியர்கள் பதிப்பக இணையதளத்துக்கான ‘ஆக்சஸ் கோட்’ வாங்கச் சொல்வார்கள். க்விஸ் முழுவதும் அந்தத் தளத்திலேயே இருப்பதால் பழைய புத்தகம் வாங்கியும் பயனில்லை, கோடு இல்லாமல் மதிப்பெண்ணும் இல்லை. அதன் விலை பாடக் கட்டணத்தையே எட்டிப் பிடிக்கும். ஆனால் புத்தகச் செலவே இல்லாத வகுப்புகளைக் கால அட்டவணையில் தனிக்குறியிட்டுக் காட்ட வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. ‘ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்’ என்ற வடிகட்டியைப் போட்டுத் தேடினால் அவை தனியே வரும். இவற்றில் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் போன்ற இலவசப் பாடநூல்கள்தான் ஓடுகின்றன. அறிமுக நிலைக்கு அவை தாராளமாகப் போதும். படங்களில் வழவழப்பு குறைவு, அவ்வளவுதான்.

எட்டு வாரமா, பதினாறு வாரமா?

அமெரிக்கக் கணக்கில் ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு, அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட்டுக்கு வாரம் ஒன்பது மணி, பருவம் முழுவதற்கும் ஏறக்குறைய 135 மணி நேரம். பதினாறு வாரத்தில் பரப்பினால் ஒரு நாளைக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும். எட்டு வாரத்தில் அடைத்தால் வாரத்துக்குப் பதினேழு மணி. ஆறு வாரக் கோடை வகுப்பில் இருபத்திரண்டைத் தாண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்கள் கோடை வகுப்பின் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

மணி நேரக் கணக்கை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. எட்டு வார வகுப்பில் ஒரு வாரத்துக்கு இரண்டு அத்தியாயம். பியாஜே, விகோட்ஸ்கி, எரிக்சன், கோல்பர்க் என்ற வளர்ச்சிக் கோட்பாட்டாளர்கள் எல்லோரும் குழந்தைப் பருவ அத்தியாயங்களில் அடுத்தடுத்து வருகிறவர்கள். இடைவெளி இல்லாமல் படித்தால் ஒருவருடைய கட்டங்கள் இன்னொருவர் கட்டங்களுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் பரீட்சையில் காணும் குளறுபடிகளில் பெரும்பகுதி இந்த வகைதான்: ‘ஏழு முதல் பதினொன்று’ என்ற வயதைப் பார்த்ததும் பியாஜேயின் கான்கிரீட் ஆப்பரேஷனலா, எரிக்சனின் இண்டஸ்ட்ரி எதிர் இன்ஃபீரியாரிட்டியா, எது யாருடையது என்று கை நடுங்கும்.

விலகும் கெடுவும் இதே விகிதத்தில் சுருங்கும். கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 20 சதவீதப் பருவம் முடிவதற்குள் விலகினால் மதிப்பெண் பட்டியலில் தடமே இருக்காது. 75 சதவீதம் வரை விலகினால், விலகியதைக் காட்டும் ‘டபிள்யூ’ விழும். அதற்குப் பிறகு கிரேடுதான். பதினாறு வார வகுப்பில் அந்த 20 சதவீதம் மூன்று வாரத்துக்கு மேல் வரும். எட்டு வாரத்தில் அது ஒன்றரை வாரம்தான், முதல் பரீட்சையின் மதிப்பெண் வருவதற்கு முன்பே கடந்துவிடும்.

வாரம் எப்படி ஓடுகிறது

வகுப்பு நடப்பது பெரும்பாலும் கேன்வாஸ் என்ற இணையதளத்தில். திங்களன்று மாட்யூல் திறக்கும். புதன் அல்லது வியாழனுக்குள் டிஸ்கஷன் போர்டில் முதல் பதிவு, ஞாயிறு இரவு 11:59-க்குள் சக மாணவர் இருவருக்குப் பதில், அதே கெடுவுக்குள் க்விஸ். சுமார் 250 சொல் கேட்கும் முதல் பதிவில் மதிப்பெண் போவதற்கு முக்கியக் காரணம், கருத்து மட்டும் சொல்லிவிட்டுப் பாடநூலிலிருந்து ஒரு கருத்தாக்கத்தைக்கூடப் பெயர் சொல்லிச் சுட்டாமல் விடுவது. ‘உங்கள் பதிவு அருமை, நானும் ஒத்துக்கொள்கிறேன்’ என்கிற பதிலுக்கு எந்த ஆசிரியரும் முழு மதிப்பெண் போடுவதில்லை. எதிர் எடுத்துக்காட்டு ஒன்றோ, அந்தக் கோட்பாடு விளக்கத் தவறுகிற ஒன்றோ கொடுத்தால் மூன்று வரிப் பதிலே போதும்.

பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் கவனிக்க: பசிபிக் நேரம் ஞாயிறு இரவு 11:59 என்பது கோடையில் இந்திய நேரம் திங்கள் பகல் 12:29. நவம்பருக்குப் பிறகு கடிகாரம் மாறியதும் 1:29. கேன்வாஸ் கணக்கில் நேர மண்டலத்தை மாற்றினால் கெடு உள்ளூர் நேரத்தில் தெரியும், கெடு மாறாது. இதைக் குழப்பிக்கொண்டு தாமதமாக அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

ஆசிரியர் உண்மையில் இருக்கிறாரா என்பதைச் சேர்வதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஆசிரியரே முன்வந்து தவறாமல் பாடம் சார்ந்து மாணவரோடு பேச வேண்டும் என்று மத்திய அரசு விதி ஆன்லைன் வகுப்பிடம் எதிர்பார்க்கிறது. இல்லாவிட்டால் அது அஞ்சல்வழிக் கல்வியாகத்தான் எண்ணப்படும். சிலபஸில் வாராந்தர அறிவிப்பு, எத்தனை நாளில் திருத்தித் தருவார், ஆஃபீஸ் ஹவர்ஸ் எப்போது என்ற மூன்றும் எழுதப்பட்டிருந்தால் நல்ல அறிகுறி. எல்லா க்விஸும் பதிப்பகத்தின் கேள்வி வங்கியிலிருந்து தானாகத் திருத்தப்பட்டு, எழுத்து வேலை எதுவும் இல்லையென்றால், பெயருக்கு மட்டும் ஆசிரியர் இருக்கும் வகுப்பாக இருக்கலாம். அதில் ஏ வாங்குவது எளிது, ஆனால் பிறகு நர்சிங் வகுப்பில் உட்காரும்போது கையில் ஒன்றும் நிற்காது.

பரீட்சைக்குச் சில வகுப்புகள், எழுதும்போது வேறு எதையும் திறக்க விடாத ரெஸ்பாண்டஸ் லாக்டவுன் பிரவுசர், வெப்கேம் கண்காணிப்பு என்று போகும். அறையைச் சுற்றிக் கேமராவைக் காட்டச் சொல்வது அரசியல் சட்டத்துக்கு விரோதமான சோதனை என்று 2022-இல் ஓஹையோவில் ஒரு மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் கண்காணிப்பு முற்றாக ஒழியவில்லை. ஆஃபீஸ் லேப்டாப்பில் அந்த மென்பொருளை நிறுவ அனுமதி கிடைக்காமல் போகலாம், குரோம்புக்கில் தனி வடிவம் வேண்டும். பயிற்சி க்விஸை முதல் வாரமே ஓட்டிப் பார்த்துவிடுங்கள், பரீட்சை ராத்திரியில் வேண்டாம்.

பாடத்தின் உள்ளே: எங்கே சறுக்குகிறார்கள்

கருவளர்ச்சி அத்தியாயம் எல்லோருக்கும் பிடித்துப்போகும், எல்லோரும் தவறு செய்வதும் அங்கேதான். மருத்துவர் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணி 40 வாரம் என்பார். பாடநூல் கருவுற்ற நாளிலிருந்து எண்ணி 38 வாரம் என்னும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு முதல் கணக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். அதனால் ‘எம்ப்ரியோனிக் கட்டம் எந்த வாரங்கள்?’ என்றால் இரண்டு வாரம் தள்ளிப் பதில் போட்டுவிடுகிறார்கள். பாடநூல் கணக்கில் முதல் இரண்டு வாரம் ஜெர்மினல், மூன்றாவது முதல் எட்டாவது வரை எம்ப்ரியோனிக், ஒன்பதிலிருந்து பிறப்பு வரை ஃபீட்டல்.

இந்த இரண்டு வார வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் இன்னொரு விஷயம் தானாகப் புரிந்துவிடும். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக் குழாய் கருவுற்ற 28-ஆம் நாள் வாக்கில் மூடிவிடும். மருத்துவர் கணக்கில் அது ஆறாவது வாரம். மாதவிடாய் தள்ளிப்போனதே நான்காவது வாரத்தில்தான் தெரியும். தெரிந்து, உறுதி செய்து, மாத்திரை வாங்குவதற்குள் குழாய் மூடியிருக்கும். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே எடுக்கச் சொல்வது இதனால்தான். ‘டெரட்டோஜன் (கருவின் வளர்ச்சியைக் கெடுக்கும் பொருள்) எப்போது அதிகம் பாதிக்கும்?’ என்ற கேள்வியும் இதே தர்க்கம்தான்: எந்த உறுப்பு உருவாகிக்கொண்டிருக்கிறதோ அந்த நேரத்தில் அந்த உறுப்பு. பட்டியலை உருப்போட வேண்டியதில்லை.

அப்கார் மதிப்பெண் எளிது. நிறம், துடிப்பு, தூண்டலுக்கு எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு என்று ஐந்து அளவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, பிறந்த முதல் நிமிடமும் ஐந்தாம் நிமிடமும். இது பிறந்த கணத்தில் உதவி தேவையா என்று பார்ப்பது. பிற்கால அறிவுத்திறனைக் கணிப்பது அல்ல, கேள்வியில் அந்தப் பொறி வரும்.

குழந்தையின் இயக்க வளர்ச்சிக்கு வந்தால், உங்கள் பாடநூல் எந்த ஆண்டுப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. 2022 பிப்ரவரியில் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியது. சராசரிக் குழந்தை, அதாவது பாதிப் பேர், செய்யும் வயது என்பதை விட்டுவிட்டு, 75 சதவீதமோ அதற்கு மேலோ குழந்தைகள் செய்யும் வயது என்று அடிப்படையை மாற்றினார்கள். 15 மாதமும் 30 மாதமும் புதிதாகச் சேர்ந்தன. தவழ்தல் பட்டியலிலிருந்தே போய்விட்டது. செங்கீரை பாடிக் கேட்ட ஊர்க்காரர்களுக்கு இது சற்று வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது: உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது 4.3 சதவீதம் பேர் கை, முழங்கால் ஊன்றித் தவழாமலேயே நடைக்குப் போயிருந்தார்கள். அதே ஆய்வில் துணையின்றி நடப்பதற்கான இயல்பு வரம்பு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை. வரம்பு இவ்வளவு அகலம் என்பதுதான் அந்த அத்தியாயத்தில் உண்மையில் கற்க வேண்டியது. ‘12 மாதத்தில் நடக்கும்’ என்ற ஒற்றை எண்ணை மட்டும் நினைவில் வைப்பவர்கள் பிறகு கிளினிக்கில் பெற்றோரை வீணாகப் பயமுறுத்துவார்கள்.

புதிய பட்டியலுக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ‘ஏறக்குறைய 50 சொற்கள்’ என்பது 30 மாதத்தில் வருகிறது. ஸ்பீச் தெரபிஸ்டுகள் அதை 24 மாதத்துக்கே எதிர்பார்ப்பவர்கள். ஸ்பீச் தெரபி பக்கம் போகிறவர்கள் இரண்டு எண்ணையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பரீட்சையில் உங்கள் ஆசிரியரின் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள்.

தூக்கம் பற்றிய பகுதியில் இன்னொரு உரசல். ஒரே அறையில் படுக்கலாம், ஒரே படுக்கையில் கூடாது. மல்லாந்து, கெட்டியான சமதளத்தில் படுக்க வைக்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. தூளி இந்த வரையறைக்குள் வராது. டிஸ்கஷனில் தூளிக்கு வக்காலத்து வாங்கலாம், நல்ல விவாதமும் நடக்கும். பல விடைக் கேள்வியில் சங்கத்தின் விடைதான் செல்லும்.

பியாஜேயைப் பரீட்சை கேட்கும் விதம்

கட்டங்களின் பெயரும் வயதும் ஒரு கேள்வி. மீதியெல்லாம் சம்பவங்கள். ஐந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு தோசை. அதை நாலாகப் பிய்த்துப் போட்டதும் ‘இப்போ எனக்கு நிறைய இருக்கு’ என்கிறாள். கேள்வி: இது எதைக் காட்டுகிறது? எண்ணிக்கை என்ற ஒரே அம்சத்தில் கண் நிலைத்துவிட்டது, அது சென்ட்ரேஷன். அதனால் மொத்த அளவு மாறவில்லை என்பது பிடிபடவில்லை, கன்சர்வேஷன் இன்னும் வரவில்லை. விடைகளில் இரண்டும் இருந்தால் கேள்வி ‘ஏன்’ என்கிறதா ‘என்ன’ என்கிறதா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அசிமிலேஷன், அக்காமடேஷன் இரண்டும் நிரந்தரக் குழப்பம். நாயைத் தெரிந்த குழந்தை முதல்முறை ஆட்டைப் பார்த்து ‘நாய்’ என்றால், புதியதைப் பழைய சட்டியில் போட்டது, அசிமிலேஷன். ‘நாய் இல்ல, ஆடு’ என்று கேட்டு ஆட்டுக்கென்று புதுச் சட்டி வைத்தால் அக்காமடேஷன். சட்டி மாறியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எரிக்சனில் மாறிப்போவது மூன்றாவதும் நான்காவதும். இனிஷியேட்டிவ் பள்ளிக்கு முந்திய பருவம்: தானாக ஒன்றைத் தொடங்குவது, அதற்குத் திட்டு வாங்கினால் குற்றவுணர்வு. இண்டஸ்ட்ரி பள்ளிப் பருவம்: தொடங்கியதை முடிப்பது, பக்கத்து பெஞ்சுக்காரனோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தாழ்வுணர்வு. நர்சிங் போகிறவர்கள் இந்த எட்டுக் கட்டங்களை இங்கேயே உறுதியாக்கிக்கொண்டால் பிறகு பீடியாட்ரிக்ஸிலும் முதியோர் பராமரிப்பிலும் திரும்பத் திரும்ப உதவும்.

கோல்பர்க்கின் அறநெறிக் கட்டங்களில் பலர் பதிலைப் பார்த்துக் கட்டம் போடுகிறார்கள். சாகக் கிடக்கும் மனைவிக்காகக் கணவன் மருந்தைத் திருடலாமா என்ற அவருடைய கதைக் கேள்விக்கு, திருடலாம் என்பதா, கூடாது என்பதா என்பது பொருட்டே இல்லை. சொல்லும் காரணம்தான் கட்டத்தைத் தீர்மானிக்கும். ஒரே பதிலுக்கு ஆறு கட்டத்திலும் காரணம் எழுதிப் பார்த்தால் அரைமணி நேரத்தில் இது தெளிந்துவிடும்.

அட்டாச்மென்ட்டிலும், அதாவது தாய்-சேய் பிணைப்பிலும், இதே மாதிரி ஒரு பொறி. மேரி ஐன்ஸ்வொர்த்தின் ‘ஸ்ட்ரேஞ்ச் சிச்சுவேஷன்’ சோதனையில் தாய் அறையை விட்டுப் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதை வைத்து வகை பிரிப்பதாக நினைத்துவிடுகிறார்கள். முதன்மையாகப் பார்ப்பது தாய் திரும்பி வரும் நேரத்தைத்தான். அணைத்து ஆறுதல் அடைந்து மறுபடி விளையாடப் போனால் செக்யூர். கண்டும் காணாமல் திரும்பிக்கொண்டால் அவாய்டன்ட். ஒட்டிக்கொண்டே உதைத்தால் ரெசிஸ்டன்ட். ஜப்பானியக் குழந்தைகளில் மூன்றாவது வகை அதிகமாகத் தெரிந்ததற்கு, தாயை விட்டு அவ்வளவு அரிதாகப் பிரிந்த குழந்தைக்கு அந்தச் சோதனையே தாங்க முடியாத அழுத்தமாக இருந்தது என்று விளக்கம் சொல்லப்பட்டது. பாட்டி, அத்தை, சித்தி என்று கை மாறி வளரும் வீட்டுக் குழந்தைக்கு இந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும் என்று டிஸ்கஷனில் கேட்டால் நல்ல மதிப்பெண் நிச்சயம்.

யாரும் படிக்காத அத்தியாயம்

ஆய்வு முறைகள் முதல் வாரத்திலேயே வந்து போய்விடும், அதற்கு மேல் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முழுப் பாடத்துக்கும் சாவி அதில்தான் இருக்கிறது. வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் அளந்தால் கிராஸ்-செக்ஷனல். ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால் லாங்கிடியூடினல். இரண்டையும் பின்னினால் சீக்வென்ஷியல். இன்றைக்கு 25 வயதுக்காரரையும் 75 வயதுக்காரரையும் ஒரு தேர்வெழுத வைத்தால் மூத்தவர் பின்தங்குவார். அது வயதின் குறையா, அவருடைய காலத்தில் பள்ளிப்படிப்பு குறைவாக இருந்ததன் விளைவா? ஒரே காலத்தில் பிறந்த தலைமுறை கோஹார்ட், அதன் காலத்தால் வரும் இந்த வேறுபாட்டைத்தான் கோஹார்ட் விளைவு என்பது. உளவியலாளர் வார்னர் ஷாயி 1956-இல் சியாட்டிலில் தொடங்கி ஏழாண்டுக்கு ஒருமுறை அளந்த ஆய்வு இதைத்தான் பிரித்துக் காட்டியது: கிராஸ்-செக்ஷனல் காட்டிய அளவுக்கு அவ்வளவு சீக்கிரம் சரிவு வருவதில்லை. அதற்காக லாங்கிடியூடினலும் குறையற்றதல்ல. நோயாளிகளும் சலித்தவர்களும் இடையில் விலகிவிடுவார்கள், எஞ்சியவர்கள் திடமானவர்கள், அதோடு அதே தேர்வைப் பலமுறை எழுதிப் பழகியவர்கள். ஆகவே அது சரிவைக் குறைத்துக் காட்டும்.

இந்த ஒரு பத்தியைப் புரிந்துகொண்டவர்களுக்கு ஃப்ளூயிட், கிரிஸ்டலைஸ்டு அறிவுத்திறன் வேறுபாடும் எளிது. புதுப் புதிரை வேகமாக அவிழ்ப்பது முன்னதாகவே தளரும். சேர்த்துவைத்த சொல்வளமும் அனுபவ அறிவும் வெகுகாலம் தாக்குப்பிடிக்கும்.

பாடத்தின் பெரிய குறை

பெயர் முழு ஆயுள். ஆனால் பதினாறு வாரத்தில் பதின்பருவம் முடிவதற்கே பத்து வாரம் ஆகிவிடும். இருபது வயது முதல் எண்பது வரைக்கான அறுபது ஆண்டுகள் நான்கைந்து வாரத்தில் ஓடுகின்றன. நம் பழைய நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்து நாற்பதோடு நிறுத்திவிட்டன என்று நாம் குறைசொல்ல முடியாது. பால் பால்ட்ஸ் போன்ற உளவியலாளர்கள் வளர்ச்சி ஆயுள் முழுதும் நடப்பது, ஒரே நேரத்தில் ஏற்றமும் இறக்கமும் கொண்டது என்று வாதாடித்தான் இந்தத் துறையே இப்படி விரிந்தது. அவருடைய பெயரை முதல் வாரத்தில் சொல்லிவிட்டுக் கடைசி வாரங்களில் அவசரப்படுவது முரண். நடுவயதும் முதுமையும் வரும் வாரங்களில் வீடியோவைத் தாண்டிப் பாடநூலை நீங்களாகவே படிக்க வேண்டியிருக்கும்.

படிக்கத் தகுந்தது பால்ட்ஸின் ‘தேர்ந்தெடு, மெருகேற்று, ஈடுசெய்’ கருத்து. பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டீன் முதுமையில் குறைவான உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தார், அவற்றை அதிகம் பயின்றார், வேகமான பகுதிக்குச் சற்று முன் வேகத்தைக் குறைத்து வாசித்துப் பின்வருவது விரைவாக ஒலிக்கச் செய்தார். மூன்று சொல்லுக்கும் மூன்று செயல். பக்கவாதத்துக்குப் பின் சமையலறைக்குத் திரும்பும் நோயாளிக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொல்லித்தருவதும் இதே சட்டகத்தில் அடங்கும்.

மரணம் பற்றிய கடைசி அத்தியாயத்தில் மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸின் ஐந்து நிலைகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) வரும். 1969-இல் அவர் எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பற்றி. அதை இழவு வீட்டாரின் துக்கத்துக்குப் போட்டு, எல்லோரும் ஐந்தையும் வரிசையாகக் கடப்பார்கள் என்று எழுதுவது பரவலான தவறு. அப்படியொரு வரிசைக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. நல்ல ஆசிரியர்கள் இதைச் சொல்லித்தருகிறார்கள், பதிப்பகக் கேள்வி வங்கிகள் சில இன்னும் வரிசையைத்தான் கேட்கின்றன.

பேட்டிக் கட்டுரை

பருவ இறுதியில் 65 தாண்டிய ஒருவரைப் பேட்டி எடுத்து ஐந்தாறு பக்கம் எழுதச் சொல்வது பரவலான வழக்கம். ஊரிலிருக்கும் பாட்டியை வாட்ஸ்அப்பில் பிடிக்கலாம், ஒப்புதல் கேட்டுப் பதிவுசெய்து, கட்டுரையில் புனைபெயர் போடுங்கள். கேள்விகள் எட்டு போதும். வேலை, படிப்பு, திருமணம், இழப்பு, உடல், இப்போதைய நாள், வருத்தம், அடுத்த தலைமுறைக்குச் செய்தது என்று பரவினால் எரிக்சனின் கடைசி இரண்டு கட்டத்துக்கும் சரக்கு கிடைக்கும். வயதைச் சர்டிபிகேட்டை வைத்து எழுதாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது போட்ட தேதி பலருக்கு உண்மையான பிறந்தநாள் அல்ல, எந்தப் பஞ்சம், எந்தத் தேர்தல் நினைவிருக்கிறது என்று கேட்டால் கோஹார்ட் சரியாகப் பிடிபடும்.

மதிப்பெண் போவது எங்கே என்றால், வாழ்க்கை வரலாறாக எழுதிவிடுவதில். ரூப்ரிக், அதாவது ஆசிரியரின் மதிப்பெண் அளவுகோல், கேட்பது கோட்பாடு. மூன்று கோட்பாடுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்ன ஒரு வாக்கியம், அது எப்படிப் பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று எழுதினால் கட்டுரை நிற்கும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறையான ஏ.பி.ஏ.-வில் இத்தகைய பேட்டி ‘பர்சனல் கம்யூனிகேஷன்’ என்று பத்திக்குள் தேதியோடு மட்டும் குறிக்கப்படும், ரெஃபரன்ஸ் பட்டியலில் வராது. தமிழில் சொன்னதை நீங்கள் ஆங்கிலமாக்கினால் மேற்கோள் குறி வேண்டாம், மொழிபெயர்ப்பு உங்களுடையது என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

வகுப்பே வேண்டாம் என்றால்

தேர்வெழுதியே கல்லூரிக் கிரெடிட் வாங்கும் கிளெப் தேர்வு இருக்கிறது. ஹியூமன் க்ரோத் அண்ட் டெவலப்மென்ட் என்ற தாள்: 90 நிமிடத்தில் சுமார் 90 கேள்விகள், 20 முதல் 80 வரையான அளவில் 50 எடுத்தால் மூன்று கிரெடிட் தரலாம் என்பது பரிந்துரை. தவறினால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற இலவசத் தளத்தில் அதற்கான பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கேட்கலாம். இந்தியாவில் பி.எட். அல்லது உளவியல் படித்தவர்களுக்கு இது ஒரு மாத வேலை. ஆனால் எல்லா நர்சிங் கல்லூரியும் கிளெப்பை முன்தேவையாக ஏற்பதில்லை. எழுதுவதற்கு முன் சேரப்போகும் கல்லூரியிடம் மின்னஞ்சலில் எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பையே எடுப்பவர்களும் கலிஃபோர்னியாவில் அசிஸ்ட் தளத்தில் தங்கள் கல்லூரிப் பாடம் எங்கே எப்படி ஏற்கப்படுகிறது என்று பார்த்துவிட வேண்டும். பழைய வழிகாட்டிகள் இதைச் சி.எஸ்.யு. (கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம்) பொதுக்கல்வியின் ‘ஏரியா ஈ’ என்று சொல்லும். 2025 இலையுதிர் பருவத்தில் வந்த கால்-ஜெட்சி என்ற புதிய பொதுக்கல்வி முறையில் அந்தப் பிரிவே கிடையாது. பாடம் முடிந்ததும் கேன்வாஸ் வகுப்பு மூடப்படும், பிறகு உள்ளே போக முடியாமல் போகலாம். அதற்கு முன் சிலபஸை, வாராந்தரத் தலைப்புகளோடு, பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறி டெக்ஸஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ போனால், பாடம் ஆயுள் முழுவதையும் தொட்டதா, குழந்தைப் பருவம் மட்டுமா என்று புதுக் கல்லூரி பார்ப்பது அந்தத் தாளில்தான்.